தீம் பார்க்கில் சாப்பிடலாமா? நட்சத்திரம் குறைந்த உணவகங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் இருப்பது சிங்கப்பூரில், ஈசூனில். மண்டாய் விலங்குப் பூங்காக்கள் பக்கம் என்பதால் பிள்ளைகளுக்கு ஆண்டு உறுப்பினர் அட்டை எடுத்திருக்கிறோம். மே மாதம் திருச்சியிலிருந்து ஒரு கூட்டம் வரும், டிசம்பரில் சென்னையிலிருந்து இன்னொரு கூட்டம் வரும். அவர்களைச் செந்தோசா தீவிலுள்ள யூனிவர்சல் ஸ்டுடியோஸ் தீம் பார்க்குக்கும் மண்டாய்க்கும் அழைத்துப் போவது பல ஆண்டுகளாக என் வேலை. போவதற்கு முதல் நாள் இரவு ஒவ்வொருவரும் கேட்பது சாப்பாட்டைப் பற்றித்தான். இணையத்தில் மதிப்பீடுகளைப் படித்துவிட்டுப் பயந்துபோய்க் கேட்கிறார்கள். பிள்ளைகளின் பள்ளித் தோழர்களுடைய அம்மாக்களும் அதையே கேட்கிறார்கள். எல்லாருக்கும் தனித்தனியாகக் குரல்பதிவு அனுப்பி வந்தேன். இப்போது எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

"தீம் பார்க் சாப்பாடுன்னாலே விலை கூட, ருசி கம்மின்னு சொல்றாங்களே, நெசமா?"

விலை கூடத்தான். லிட்டில் இந்தியாவின் தேக்கா உணவங்காடி நிலையத்தில் ஒரு குடும்பமே வயிறாரச் சாப்பிடும் காசு, யூனிவர்சலுக்குள் இரண்டு பேருக்குத்தான் வரும். ஆளுக்கு 20 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று மனத்தில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். அப்படிக் கிளம்பினால் பலகையைப் பார்த்ததும் மனம் சுருங்காது.

ருசி கம்மி என்பதை நான் அப்படியே ஒத்துக்கொள்ள மாட்டேன். பூங்காவுக்குள் சுமாரான கடைகளும் உண்டு, நல்ல கடைகளும் உண்டு. சிக்கல் என்னவென்றால், நல்ல கடையிலும் தவறான நேரத்தில் தவறான பண்டத்தை வாங்கினால் அது சுமாராகத்தான் இருக்கும். கீழே உள்ள பதில்களில் பாதி இதைப் பற்றியவைதான்.

"மூணு நட்சத்திரம், மூன்றரை நட்சத்திரம்தான் போட்டிருக்கு. அங்க போய் ஏன் சாப்பிடச் சொல்றீங்க?"

நட்சத்திரத்தை விடுங்கள், எழுதியிருப்பதைப் படியுங்கள். குறைந்த மதிப்பெண் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் மூன்றில் ஒன்றைச் சொல்லியிருப்பார்கள்: விலை அதிகம், வரிசை நீளம், உட்கார இடமில்லை. மூன்றும் சமையலைப் பற்றிய புகார் அல்ல. விலை பூங்காவுக்குள் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். வரிசையும் இடமும் நீங்கள் போகும் நேரத்தைப் பொறுத்தவை. அந்தப் புகார்களைக் கழித்துவிட்டுப் பார்த்தால் மீதி என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. "சோறு விறைத்திருந்தது", "கோழி உள்ளே வேகவில்லை", "குழம்பு நீர்த்திருந்தது" என்று பலர் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தால் போக வேண்டாம். அப்படி எதுவும் இல்லையென்றால் தைரியமாகப் போகலாம்.

தேதியையும் பாருங்கள். யூனிவர்சலில் மடகாஸ்கர் பகுதி 2022இல் மூடப்பட்டு, அதே இடத்தில் மினியன் லேண்ட் 2025 பிப்ரவரியில் திறந்தது. பழைய பகுதியின் உணவகத்தைப் பற்றிய திட்டும் பாராட்டும் இன்னும் இணையத்தில் கிடக்கின்றன. அதைப் படித்துவிட்டு, "வரிக்குதிரை கடை எங்கே?" என்று தேடியவர்கள் எங்கள் வீட்டிலேயே உண்டு. கடந்த ஆறு மாதத்தில் எழுதியதை மட்டும் படித்தால் போதும்.

"யூனிவர்சலுக்குள்ள ஒரே ஒரு இடம் சொல்லுங்கக்கா."

ஓயசிஸ் ஸ்பைஸ் கஃபே. பண்டைய எகிப்துப் பகுதியில், மம்மி சவாரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. மத்திய கிழக்கு, இந்தியச் சமையல். வெயிலில் அலைந்துவிட்டு உள்ளே நுழைந்ததும் மசாலா வாசனை வரும். பொரித்ததையும் ரொட்டியையுமே பார்த்துப் பார்த்துச் சலித்த பெரியவர்களுக்கு அந்த வாசனையே பாதி நிம்மதி.

நான் இதைச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பூங்கா ஓர் ஏரியைச் சுற்றி வளையமாக அமைந்திருக்கிறது. நுழைவாயிலில் ஹாலிவுட், அங்கிருந்து நியூயார்க், சயின்ஸ் ஃபிக்ஷன் நகரம், அப்புறம் எகிப்து. காலையில் வலப்பக்கமாகச் சுற்றத் தொடங்கினால் பசிக்கிற நேரத்துக்கு எகிப்தில் இருப்பீர்கள். சாப்பாட்டுக்காகத் திரும்பி நடக்க வேண்டாம். முழங்கால் வலியோடு வரும் பெரியம்மாக்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

"ஆனா அங்க காரமே இல்லையாமே? நம்ம பிரியாணி மாதிரி இல்லன்னு எங்க அத்தை இப்பவே முகத்தைச் சுளிக்கிறாங்க."

அத்தை சொல்வது சரி. அது திண்டுக்கல் பிரியாணியும் அல்ல, தேக்கா பிரியாணியும் அல்ல. சீனா, இந்தோனீசியா, ஆஸ்திரேலியா என்று எங்கிருந்தெல்லாமோ வருகிறவர்கள் சாப்பிட வேண்டிய சோறு அது. காரத்தைக் குறைத்துத்தான் சமைப்பார்கள். நம் ஊர்க்காரர்கள் நட்சத்திரத்தைக் குறைப்பதும் பெரும்பாலும் இதனால்தான்.

அத்தையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: இது பிரியாணி அல்ல, மசாலாச் சோறும் சுட்ட கோழியும் என்று. பெயரை மாற்றிச் சொன்னால் எதிர்பார்ப்பும் மாறிவிடும். நான் கைப்பையில் ஒரு சிறிய ஊறுகாய்ப் பொட்டலம் வைத்திருப்பேன். வயதானவர்களுக்கு அது போதும்.

"என் பையன் பொரிச்ச கோழியைத் தவிர எதையும் தொடமாட்டான். அவனுக்கு எங்க?"

ஃபார் ஃபார் அவே பகுதியில் கோட்டைப் பக்கம் கோல்டிலாக்ஸ் என்று ஒன்று இருக்கிறது. மூன்று கரடிக் கதையில் வரும் பெண்ணின் பெயர். பொரித்த கோழிதான் அங்கே முக்கியம். "வெளியில் பாதி விலைக்குக் கிடைக்கும் கோழிதானே" என்று பலர் அலுத்துக்கொள்கிறார்கள். கிடைக்கும்தான். ஆனால் அந்த வேளையில் நீங்கள் வெளியில் இல்லையே. பிள்ளை கண்ணீரில்லாமல் சாப்பிட்டு முடிப்பதும், பக்கத்திலேயே அடுத்த சவாரி இருப்பதும் பெரிய உதவி.

எப்போது வாங்குவது என்பதை அடுத்த பதிலில் பாருங்கள். பொரித்ததற்கென்று ஒரு தனிக் கணக்கு உண்டு.

"எத்தனை மணிக்குச் சாப்பிடப் போகணும்?"

பொதுவான விடை: காலை 11.15இலிருந்து 11.45க்குள், இல்லையென்றால் பிற்பகல் 2.15க்கு மேல். 12.15இலிருந்து 1.30 வரை எந்தப் பூங்காவிலும் உணவகத்துக்குள் போகாதீர்கள். எல்லாரும் சாப்பிடும் அந்த நேரத்தில் சவாரிக்கான வரிசை குறையும். அங்கே போய் நில்லுங்கள்.

ஆனால் எல்லாப் பண்டத்துக்கும் ஒரே நேரம் சரிப்படாது. இதை நான் பல தடவை சாப்பிட்டுத்தான் கற்றுக்கொண்டேன். பெரிய சமையலறைகளில் ஒவ்வொரு தட்டையும் தனியாகச் சமைப்பதில்லை. மொத்தமாகச் சமைத்து, சூட்டு விளக்கின் கீழோ சூட்டுப் பெட்டியிலோ வைத்து எடுத்துப் பரிமாறுவார்கள். அப்படி வைப்பதை எந்த உணவு தாங்கும், எது தாங்காது என்று யோசியுங்கள். குழம்பு, பருப்பு, கறி, சூப் எல்லாம் தாங்கும். ஒரு மணி நேரம் சூட்டில் இருந்தால் இன்னும் ஊறும். எனவே மூன்று மணிக்குப் போனாலும் குழம்புச் சாப்பாடு நன்றாகவே இருக்கும். பொரித்த கோழி, உருளைக்கிழங்கு வறுவல், பொரித்த மீன் இவை பதினைந்து நிமிடத்தில் சொத சொதவென்று ஆகிவிடும். இவற்றைக் கூட்டம் ஓரளவு இருக்கும்போதுதான் வாங்க வேண்டும். கூட்டம் இருந்தால் ஒரு தட்டு தீர்ந்து அடுத்தது சுடச்சுட எண்ணெயிலிருந்து வரும். ஆளில்லாத மூன்றரை மணிக்கு வாங்கிய பொரித்த மீனை என் மகள் ஒரு வாய் கடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். கடையின் மேல் குறையில்லை, நான் போன நேரம் அப்படி.

பீட்சா இரண்டுக்கும் நடுவில். நியூயார்க் பகுதியில் இருக்கும் லூயிஸ் பீட்சாக் கடைக்குப் போனால், கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் தட்டைப் பாருங்கள். முழு வட்டமாக இருந்தால் இப்போதுதான் வந்தது. ஒரே ஒரு துண்டு மீதி இருந்தால் அதை எடுக்காதீர்கள், அடுத்தது வரும்வரை ஐந்து நிமிடம் நில்லுங்கள். பர்கருக்கும் இதே கணக்குதான்: ஹாலிவுட் பகுதியில் வாசலில் பழைய கார்கள் நிற்கும் மெல்ஸ் டிரைவ்-இன் உணவகத்துக்குச் சவாரிகள் முடிந்து வெளியேறும் நேரத்தில் போகாமல், பகலில் கூட்டத்துக்குச் சற்று முன்னால் போங்கள்.

"மழை வந்துட்டா?"

மின்னல் எச்சரிக்கை வந்தால் வெளிப்புறச் சவாரிகளை நிறுத்திவிடுவார்கள். உடனே பூங்கா முழுவதும் உணவகங்களுக்குள் ஓடும். வானம் கருக்கும்போதே போய் உட்கார்ந்துவிடுங்கள்.

"நாங்க பத்துப் பேரு. ஆளுக்கு ஒண்ணு கேட்கிறாங்க. எல்லாருக்கும் ஒரே இடத்துல கிடைக்குமா?"

லாஸ்ட் வேர்ல்ட் பகுதியில் உள்ள டிஸ்கவரி ஃபுட் கோர்ட்டுக்குப் போங்கள். ஒரே கூரையின் கீழ் உள்ளூர், ஆசிய உணவு வகைகள். ஒருவர் சோறு, ஒருவர் நூடல்ஸ், ஒருவர் கோழி என்று பிரிந்து வாங்கிக்கொண்டு ஒன்றாக உட்காரலாம். நம்முடைய உணவங்காடி நிலையத்தோடு ஒப்பிட்டுத்தான் இதற்கு மதிப்பெண்ணைக் குறைக்கிறார்கள். அந்த ஒப்பீட்டில் எந்தப் பூங்காவும் தேறாது. பத்துப் பேர் சண்டையில்லாமல் சாப்பிட்டு எழுந்திருப்பதுதான் இங்கே பார்க்க வேண்டியது.

இரண்டு பேர் முதலில் போய் மேசை பிடியுங்கள். சிங்கப்பூரில் டிஷ்யூப் பொட்டலத்தை வைத்து "சோப்" செய்வது, அதாவது இடம் பிடிப்பது, வழக்கம், ஆனால் பூங்காவில் வெளியூர்க்காரர்கள்தான் அதிகம். அது எதற்கு அங்கே கிடக்கிறது என்றே அவர்களுக்குத் தெரியாது. அதனால் ஆள் உட்கார வேண்டும். தாத்தாவையும் பாட்டியையும் உட்கார வையுங்கள், அவர்களுக்கும் ஓய்வு.

"விலங்குத் தோட்டத்துல என்ன சாப்பிட முடியும்? ஐஸ்கிரீமும் சோளப்பொரியும்தானே?"

இந்தக் கேள்விக்கு நான் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்வேன். மண்டாய் எனக்கு மனத்துக்கு நெருக்கமான இடம்.

விலங்குத் தோட்டம் 1973இல் திறந்தது. அங்கே ஆ மெங் என்று ஓர் ஒராங் உத்தான் இருந்தாள். என் வயதில் இங்கே வளர்ந்தவர்களுக்கு அவள் பெயரைத் தெரியாமல் இருக்காது. 2008இல் இறந்துபோனாள். அவள் பெயரில் ஓர் உணவகம் வைத்திருக்கிறார்கள். லக்சா (தேங்காய்ப்பால் குழம்பில் நூடல்ஸ்), கோழிச்சோறு மாதிரி உள்ளூர் சாப்பாடு. "இதை வெளியிலேயே சாப்பிடலாமே" என்று உள்ளூர்க்காரர்கள் எழுதுகிறார்கள். சென்னையிலிருந்து நான்கே நாளுக்கு வந்தவர்களுக்கு அது முதல் லக்சா. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தனியாக உணவங்காடி தேடிப் போக அவர்களுக்கு நேரமிருக்காது. அங்கேயே காலை உணவு விருந்தும் உண்டு, ஒராங் உத்தான்கள் அருகே வரும். அதற்கு முன்பதிவு செய்ய வேண்டும். தட்டில் இருப்பது சாதாரண ஓட்டல் காலை உணவுதான். ஆனால் என் மாமியார் இன்றும் ஊரில் எல்லாரிடமும் சொல்வது அந்தக் காலையைப் பற்றித்தான்.

மண்டாயிலேயே இன்னொரு பூங்காவான ரிவர் ஒண்டர்ஸில் மாமா பாண்டா கிச்சன் இருக்கிறது. (2021 வரை அந்தப் பூங்காவுக்கு ரிவர் சஃபாரி என்று பெயர்.) காய் காய், ஜியா ஜியா என்ற பாண்டாக்கள் 2012இல் இங்கே வந்தன. அவற்றின் குட்டி லே லே 2021இல் பிறந்து, 2024 ஜனவரியில் சீனாவுக்குப் போனது. பாண்டா முகம் வரைந்த பாவ் வாங்குங்கள், உள்ளே இனிப்புச் சிவப்பு அவரைப் பூரணம். நம் கொழுக்கட்டையை நினைத்துக்கொண்டு கடித்தால் அந்நியமாகத் தெரியாது. "படம் எடுக்க மட்டும்தான் லாயக்கு" என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். ஆவியில் வேகவைத்த பண்டம், எண்ணெய் இல்லை, கையில் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் தாங்களே சாப்பிடலாம். பயணக் களைப்பில் வயிறு சரியில்லாத பிள்ளைக்கு இதைவிட நல்லதாகப் பூங்காவில் நான் கண்டதில்லை.

"பறவைப் பூங்காவுல?"

ஜூரோங் பறவைப் பூங்கா 2023 ஜனவரியில் மூடப்பட்டு, அதே ஆண்டு மே மாதம் மண்டாயில் பேர்ட் பாரடைஸ் திறந்தது. பழைய நினைவில் ஜூரோங்குக்கு டாக்சி பிடித்துவிடாதீர்கள்.

அங்கே இரண்டு உணவகங்களைச் சொல்வேன். ஒன்று பென்குவின் கோவ் உணவகம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பென்குவின்கள் நீந்திக்கொண்டிருக்கும், இந்தப் பக்கம் உங்கள் மேசை. இன்னொன்று கிரிம்சன் உணவகம், சிவப்புப் பறவைகள் இருக்கும் ஈரநிலத்தைப் பார்த்தபடி அமைந்தது. இரண்டிலும் தட்டை மட்டும் வைத்து மதிப்பெண் போட்டால் நட்சத்திரம் குறையத்தான் செய்யும். ஜன்னலையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். பென்குவின் பக்கம் கண்ணாடியோரத்து மேசை கிடைக்காவிட்டால் பத்து நிமிடம் காத்திருந்து வாங்குங்கள். அந்த மேசைக்காகத்தான் நீங்கள் அங்கே போவதே.

"நைட் சஃபாரிக்கு முன்னால ஸ்பிரிங்லீஃப்ல பரோட்டா சாப்பிட்டுட்டுப் போறதுதானே நல்லது?"

உள்ளூர்க்காரராக இருந்தால் ஆம். ஸ்பிரிங்லீஃப் பரோட்டாவுக்கு எதிராக நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். 138ஆம் எண் பேருந்து அந்த வழியாகத்தான் மண்டாய்க்குப் போகிறது.

ஆனால் பகலெல்லாம் விலங்குத் தோட்டத்தில் இருந்துவிட்டு, அப்படியே இரவுக்கும் தங்குகிறவர்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம். இங்கே சூரியன் மறைவது ஆண்டு முழுவதும் ஏழு மணி வாக்கில்தான். நைட் சஃபாரியில் சுற்றத் தொடங்குவதும் இருட்டிய பிறகே. விலங்குத் தோட்டம் ஆறு மணிக்கு மூடிவிடும். நடுவில் இருக்கும் அந்த ஒரு மணி நேரம் பிள்ளைகளோடு எங்கே போவது? நைட் சஃபாரி வாசலில் உள்ள உலு உலு உணவகம் அதற்கென்றே இருப்பதுபோல் எனக்குத் தோன்றும். "உலு" என்றால் மலாயில் ஆற்றின் மேற்பகுதி. நாம் இங்கே ஆளரவம் இல்லாத ஒதுக்குப்புறத்தை உலு என்போம். கம்பத்து (மலாய்க் கிராமத்து) வீட்டைப்போல அமைத்திருக்கிறார்கள். சுற்றுலாக் கூட்டம் வந்திறங்குவதற்குள் உட்கார்ந்துவிடுங்கள்.

"நாங்க சுத்த சைவம். அதுவும் புரட்டாசி. என்ன கேட்டு வாங்கணும்?"

"வெஜிடேரியன்" என்ற ஒரு சொல்லோடு நிறுத்தாதீர்கள். இங்கே அந்தச் சொல்லுக்கு ஆளுக்கொரு பொருள். முட்டை சேர்ப்பவர்கள் உண்டு. சீன பௌத்தச் சைவத்தில் வெங்காயம், பூண்டு இருக்காது, ஆனால் இறைச்சியைப்போலவே செய்த சோயாத் துண்டுகள் இருக்கும். அதைத் தட்டில் பார்த்ததும் ஊரிலிருந்து வந்த பெரியவர்கள் அதிர்ந்துபோகிறார்கள். முன்பே சொல்லி வையுங்கள்.

கண்ணுக்குத் தெரியாமல் வருபவைதான் ஆபத்து. சம்பால் என்ற மிளகாய் விழுதில் பிளாச்சான் இருக்கும், அது இறால் விழுது. லக்சாக் குழம்பில் உலர்ந்த இறால். தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கில் நெத்திலி. வதக்கிய கீரையில் சிப்பிச் சாறு. காய்கறி சூப்பில்கூடக் கோழி எலும்புச் சாறோ கோழிப் பொடியோ இருக்கலாம். ஒரு சஷ்டி விரத நாளில், ஒரு பூங்காவில், காய்கறிதானே என்று வாங்கிக் கொடுத்த தட்டில் சம்பால் இருந்ததை என் அம்மா பாதி சாப்பிட்ட பிறகுதான் கவனித்தேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்துவிட்டார். அன்றிலிருந்து நான் நான்கு கேள்வி கேட்காமல் வாங்குவதில்லை: இறால் விழுது இருக்கிறதா, சிப்பிச் சாறு இருக்கிறதா, கோழிச் சாறு இருக்கிறதா, கோழி பொரித்த எண்ணெயிலேயே இதையும் பொரிக்கிறீர்களா. கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் "ஆமாம்" என்றுதான் வரும். விரதக்காரர்களுக்கு உருளைக்கிழங்கு வறுவலே வேண்டாம் என்று நான் சொல்வது அதனால்தான்.

யூனிவர்சலில் மேலே சொன்ன ஓயசிஸில் இந்தக் கேள்விகளுக்கு எளிதாகப் பதில் கிடைக்கும், இந்தியச் சமையல் தெரிந்த அடுப்படி அது. மிகக் கண்டிப்பான விரதம் என்றால் அந்த நாளில் பூங்காவுக்குள் பழமும் பானமும் மட்டும் வைத்துக்கொண்டு, சாப்பாட்டை வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.

"ஹலால் எதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?"

முகப்பில் முயிஸ் (சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம்) தரும் சான்றிதழைப் பாருங்கள். சான்றிதழ் ஒவ்வொரு கடைக்கும் தனித்தனி, ஒரு பூங்காவுக்கு மொத்தமாகக் கிடையாது. ஒரு கடையில் இருப்பதால் பக்கத்துக் கடையிலும் இருக்கும் என்று நினைக்காதீர்கள். அதற்குக் காலாவதித் தேதியும் உண்டு, பழைய மதிப்பீட்டில் படித்ததை நம்பாமல் அன்றைக்கு நேரில் பாருங்கள்.

மாட்டிறைச்சி தொடாத நம் வீட்டினருக்கும் ஒரு வார்த்தை. ஹலால் என்றால் பன்றி இல்லை என்று உறுதி, மாடு இல்லை என்று உறுதி கிடையாது. பர்கரிலும் பீட்சாவிலும் மாட்டிறைச்சி இருக்கலாம். கேட்டு வாங்குங்கள்.

"பேசாம புளியோதரை கட்டிட்டுப் போயிடலாமே?"

யூனிவர்சலில் வெளியுணவுக்கு அனுமதி இல்லை. குழந்தைக்கான உணவு, மருத்துவக் காரணத்துக்கான உணவு என்றால் வாயிலில் சொல்லி அனுமதி கேட்கலாம். தண்ணீர்ப் புட்டி கொண்டு போங்கள், நாள் முழுவதும் தண்ணீர் வாங்கிக் குடிக்கிற செலவு குறையும். மண்டாயில் குரங்குகள் சுற்றும் இடத்தில் பையைத் திறந்து எதையும் எடுக்காதீர்கள். பிஸ்கட் பொட்டலம் ஒன்றே போதும், அவை இறங்கி வர.

"மத்தியானம் வெளிய வந்து விவோசிட்டியில சாப்பிட்டுட்டுத் திரும்பப் போனா மிச்சமாகுமே?"

காசு மிச்சமாகும், பகல் போய்விடும். வாயிலுக்கு நடந்து, செந்தோசா எக்ஸ்பிரஸ் ரயில் ஏறி, விவோசிட்டி கடைத்தொகுதியின் மூன்றாம் மாடியில் இறங்கி, ஃபுட் ரிபப்ளிக்கில் இடம் பிடித்து, சாப்பிட்டுத் திரும்பி வர ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. நான்கு பேருக்கு 30 வெள்ளி மிச்சம் பிடிக்க, நுழைவுச்சீட்டுக்குக் கொடுத்த பணத்தில் அதைவிட அதிகமான நேரத்தை விடுகிறீர்கள். மாலையில் வெளியே வந்தபின் அங்கே சாப்பிடுங்கள், அதுதான் சரி. அப்படியும் நடுவில் வெளியே வரத்தான் வேண்டும் என்றால், மறுபடி நுழைவது பற்றி வெளியேறும் முன்பே வாயில் ஊழியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

"பட்டியல்ல 20 வெள்ளின்னு இருந்தது, பில்லுல 24 வந்துடுச்சு. ஏமாத்துறாங்களா?"

இல்லை. விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால், 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் அதன்மேல் 9 விழுக்காடு ஜிஎஸ்டியும் சேரும். 20 வெள்ளி 22 ஆகி, பிறகு 23 வெள்ளி 98 காசு ஆகும். மேசைக்கு வந்து பரிமாறும் இடங்களில்தான் இது. முகப்பில் நின்று நீங்களே வாங்கும் கடைகளில் சேவைக் கட்டணம் இருக்காது. அதற்குமேல் தனியாகப் பணம் வைத்துவிட்டு வரும் பழக்கமும் இங்கே இல்லை.

"மாமனாருக்குச் சர்க்கரை. நேரத்துக்குச் சாப்பிடணும், ஆனா பிள்ளைங்க சவாரியை விட்டு வரமாட்டேங்குதுங்க."

இரண்டு கூட்டமாகப் பிரியுங்கள். வேறு வழியே வேண்டாம். பெரியவர்களை 11.30க்கு முன்பே குளிரூட்டிய உணவகத்தில் உட்கார வைத்துச் சாப்பிட வையுங்கள், கூட ஒருவர் இருக்கட்டும். பிள்ளைகள் மற்றவர்களோடு இரண்டு மணிக்குப் பிறகு வந்து சாப்பிடட்டும். குடும்பம் ஒன்றாகச் சாப்பிட வேண்டும் என்ற ஆசையில் ஒரு மணிக்கு எல்லாரையும் வரிசையில் நிறுத்துவதுதான் தவறு. இன்சுலின் போட்டுவிட்டு நாற்பது நிமிடம் சாப்பாட்டுக்காக நிற்பது ஆபத்து. தட்டு கைக்கு வரும்வரை ஊசியை எடுக்க வேண்டாம் என்று எங்கள் மாமாவிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். சட்டைப் பையில் நான்கு குளுக்கோஸ் மிட்டாய் எப்போதும் இருக்கட்டும்.

தட்டில் சோற்றைக் குறைத்துக் கறியைக் கூட்டித் தரச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். கூட்டமில்லாத நேரத்தில் செய்து தந்திருக்கிறார்கள்.

"ஊரிலேருந்து வர்றவங்களை எந்த மாசம் வரச் சொல்லலாம்?"

மே. தமிழ்நாட்டில் பள்ளி விடுமுறை, இங்கே பள்ளி நடந்துகொண்டிருக்கும். மே மாதக் கடைசிக்குள், வார நாளில் போனால் மேலே சொன்ன நேரக் கணக்கு எதுவும் இல்லாமலே மேசை கிடைக்கும். ஜூன் விடுமுறையும் நவம்பர், டிசம்பர் விடுமுறையும் அப்படியல்ல.

"நீங்க சொன்ன இடத்துக்கே போயும் சாப்பாடு நல்லா இல்லன்னா என்னக்கா பண்றது?"

முகப்புக்குத் திரும்பிப் போய்ச் சொல்லுங்கள். நம்மவர்கள் இதைச் செய்வதே இல்லை. பாதி சாப்பிட்டு, மீதியை ஒதுக்கிவிட்டு, விடுதி அறைக்குப் போய் ஒரு நட்சத்திரம் போடுவார்கள். ஆறிப்போயிருந்தால் ஆறிப்போயிருக்கிறது என்று, தட்டை நீட்டி, சத்தம் போடாமல் சொன்னால் போதும். நான் சொன்ன ஒவ்வொரு தடவையும் மாற்றிக் கொடுத்தார்கள். ஒரு தடவை அந்தப் பணியாளர் தமிழர், "சொல்லியிருக்கலாமேம்மா, அடுத்த தட்டு இப்பத்தான் வருது" என்றார்.

பிறகு மதிப்பீடு எழுதுங்கள், ஆனால் என்ன பண்டம், எத்தனை மணிக்கு, வார நாளா வாரயிறுதியா என்று எழுதுங்கள். கத்திரிக்காய்க் கறி, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் இரண்டரை, சூடாக இருந்தது, உப்பு கொஞ்சம் குறைவு. அடுத்த மாதம் பாட்டியைக் கூட்டிக்கொண்டு போகப் போகிறவருக்கு வேண்டியது இதுதான்.